வைகையில தண்ணி வருது: கேளுங்க, சொல்றேன்

வைகை அணையில தண்ணி 66 அடியைத் தாண்டினதுல இருந்து, மதுரைக்காரங்க ஆத்துல வெள்ளம் வருமான்னு கேட்டு, போனைக் கீழ வைக்க முடியலை. ஆளாளுக்குத் தனியா சொல்லி மாளாது, மொத்தமா இங்க கேளுங்க. நீர்வளத்துறையில 28 வருஷம் தண்ணி மட்டம் பார்த்தவன், அதுல தெரிஞ்சதைச் சொல்றேன். மழை எப்ப வரும்னு மட்டும் கேட்காதீங்க, அது வேற ஆளுக வேலை.

ஆரப்பாளையம் தம்பி: முதல் வெள்ள எச்சரிக்கை விட்டுட்டாங்கன்னா இன்னைக்கே ஆத்துல வெள்ளமாண்ணே?

இல்லப்பா. வைகை அணை உசரம் 111 அடி, ஆனா தண்ணி தேக்குறது 71 அடி வரைக்கும்தான். 66ல முதல் எச்சரிக்கை, 68.5ல ரெண்டாவது, 69ல மூணாவது. 69ஐத் தொட்டா வர்ற தண்ணியை ஆத்துல விட ஆரம்பிப்பாங்க. தேனியில இருந்து ராமநாதபுரம் வரைக்கும் அஞ்சு மாவட்டத்துக்குத் தகவல் போகும். அணையில சங்கு ஊதுவாங்க. அது அந்தப் பக்கத்து ஊர்களுக்குக் கேட்கும், உனக்குக் கேட்காது. சங்குக்குக் காத்திருக்காதே.

செல்லூர்க்காரர் ஒருத்தர்: பேப்பர்ல 'வெளியேற்றம் 969 கன அடி'ன்னு போடுறான். பாலத்துல நின்னு பார்த்தா ஆத்துல மாடு மேயுது. அந்த 969 எங்கண்ணே போச்சு?

இதைத்தான் எல்லாரும் கேட்கணும், யாரும் கேட்க மாட்டாங்க. 969ல 900 பாசனத்துக்கு, 69 குடிநீருக்கு. பாசனத் தண்ணி அணையில இருந்து ஆத்து வழியாத்தான் வரும், ஆனா மதுரைக்கு மேல இருக்கிற பேரணைக்கு வந்ததும் மதகு வழியா பெரியாறு பிரதானக் கால்வாய்க்குத் திரும்பிரும். அங்கிட்டே வாடிப்பட்டி, மேலூர்னு போயிரும். ஊருக்குள்ள ஓடுற வைகைக்கு அது வர்றதே இல்லை.

கன அடின்னா ஒரு வினாடிக்கு ஒரு கன அடி, 28.3 லிட்டர். நம்ம தெருவுக்கு வர்ற 12,000 லிட்டர் லாரி நிறைய ஒரே ஒரு கன அடிக்கு ஏழு நிமிஷம் ஆகும். இப்ப 969ஐ யோசிச்சுப் பாருங்க.

இதோட மறுபக்கம்தான் ஆளைக் கொல்றது. அணை மூடியிருக்கு, மதுரையில வெள்ளம் வருமா? வரும். தேவதானப்பட்டிப் பக்கத்து மஞ்சளாறு, அய்யம்பாளையத்து மருதாநதி ரெண்டும் அணைக்குக் கீழதான் வைகையில சேருது. கொடைக்கானல் மலையில ராத்திரி கொட்டினா வைகை அணையைக் கேட்டுக்கிட்டா தண்ணி வரும்? 'வெளியேற்றம் 69'ன்னு பேப்பர் சொல்லும், மதுரைக்குள்ள தாழ்வா இருக்கிற கல்பாலத்துல தண்ணி ஏறியிருக்கும். அணைக் கணக்கு அணைக்கு. ஆத்துக்கு ஆத்தைத்தான் பார்க்கணும்.

கல்லூரி மாணவி: ப்ராஜெக்டுக்கு நானே நீரோட்டத்தை அளக்க முடியுமா சார்?

முடியும்மா. கருவி இல்லாம அளக்குறதுக்கு ஒரு பழைய வழி இருக்கு. கரையோரமா நேரா ஓடுற இடத்துல 50 அடிக்கு ரெண்டு குச்சி நடு. மேல் குச்சிக்கு நேரா, நடு ஆத்துல விழுற மாதிரி ஒரு தேங்காய் மட்டையை வீசு. கீழ்க் குச்சியைத் தாண்ட 25 வினாடின்னு வை, அப்ப வினாடிக்கு 2 அடி. மேல் தண்ணி வேகமா ஓடும், அடித்தண்ணி தரையில உரசி மெதுவா ஓடும், அதனால 0.85ஆல பெருக்கு, 1.7. ஆத்து அகலம் 100 அடி, சராசரி ஆழம் 2 அடின்னா குறுக்குப் பரப்பு 200 சதுர அடி. 200ஐ 1.7ஆல பெருக்கினா 340 கன அடி. அஞ்சு தடவை வீசி சராசரி எடு, ஒரு தடவை போட்டதை நம்பாதே.

ஆழத்தை எப்படி அளப்பேன்னு அடுத்துக் கேட்பே. இறங்கக் கூடாது. பாலத்து மேல நின்னு, கயித்துல கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு விடு. நாங்க ஒவ்வொரு தடவையும் ஆழம் அளந்து கணக்குப் போடுறதில்லை. மட்டம் இத்தனைன்னா ஓட்டம் இத்தனைன்னு பல மட்டத்துல அளந்து அட்டவணை வச்சுக்குவோம், அப்புறம் ஆத்துல நட்டிருக்கிற அளவுகோலைப் பார்த்தா போதும். காலையில ஆறு மணிக்கு டார்ச் அடிச்சா, நம்பர் பெயின்ட் உரிஞ்சு 3ஆ 8ஆன்னு தெரியாது. அளவுகோல்ல ஒட்டியிருக்கிற ஈரத்தைப் பார்த்தா ராத்திரி எதுவரைக்கும் ஏறி இறங்குச்சுன்னு தெரியும். நீயும் அந்த ஈரக்கோட்டைக் குறிச்சுக்க.

பெயர் சொல்லாதவர்: டிஎம்சின்னா?

ஆயிரம் மில்லியன் கன அடி. 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினா ஒரு டிஎம்சி. வைகை அணை மொத்தமே ஆறு சொச்சம்.

ஒத்தக்கடை தம்பி: தரைப்பாலத்துல முட்டிக்குக் கீழதான் தண்ணி. புல்லட்ல போயிரலாம்ல?

போகாதே. தண்ணியோட தள்ளு விசை வேகத்தோட இருமடியில ஏறும். வேகம் ரெண்டு பங்கானா தள்ளு நாலு பங்கு. அரையடி ஆழத்துல வேகமா ஓடுற தண்ணியே நடக்குற ஆளைச் சாய்ச்சிரும், ஒரு அடி ஆழத்துல சின்னக் காரே மிதக்க ஆரம்பிக்கும். உன் வண்டி கனம்னு நினைப்பே. பாலத்து மேல பாசி, கைப்பிடி கிடையாது, நடுவுல பேர்ந்திருக்கிற பள்ளம் கலங்கல்ல தெரியாது. ஏவி பாலம் 1889ல இருந்து நிக்குது, அங்க சுத்திப் போ.

செல்லூர்ப் பெரியவர்: என்னப்பா பயமுறுத்துறே? நாங்க அந்தக் காலத்துல ஏவி பாலத்து மேல இருந்தே குதிச்சவங்க. ஆத்து நடுவுல இருக்கிற மையமண்டபம் வரைக்கும் நீந்துவோம். நீச்சல் தெரிஞ்சவனுக்கு ஆறு என்ன செய்யும்?

அண்ணே, நீங்க குதிச்ச ஆறு இது இல்லை. அப்ப அடியில மணல், கால் வச்சா ஊனும். இப்ப மணல் அள்ளின குழி. ஒரு எட்டு முழங்கால், அடுத்த எட்டு கழுத்து. மேல ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும், கால்ல சுத்தினா நீச்சல் உதவாது. அதைவிட மோசம் தடுப்பணைக்குக் கீழ. மேல இருந்து விழுற தண்ணி அடியில போய்ச் சுருண்டு திரும்ப சுவரைப் பார்த்தே வரும். சிக்கினவன் வெளிய வந்து, உள்ள போயி, அங்கேயே சுத்துவான். பார்க்க அமைதியா இருக்கும், குழந்தைகளைக் குளிக்க விடுற மாதிரியே இருக்கும். தடுப்பணைக்குக் கீழ இறங்காதீங்க.

பெரியவர்: தடுப்பணையைக் குத்தம் சொல்றியா? அது கட்டின பிறகுதானே எங்க தெருவுல போர்வெல்ல தண்ணி நிக்குது!

சிம்மக்கல் கடைக்காரர்: தண்ணியா நிக்குது? சாக்கடை நிக்குது. கொசு யாருக்கு?

பெரியவர்: நீ சாக்கடையை விடாம இருந்தா நிக்குமா?

ரெண்டு பேரும் கரையிலேயே அடிச்சுக்கங்க. தடுப்பணை வேணுமா வேணாமாங்கிறது இங்க கேள்வி இல்லை. நிலத்தடி நீருக்கு நல்லதுதான், நானே சொல்றேன். அதுக்குக் கீழ குளிக்காதேன்னுதான் சொல்றேன். ஒரு தடவை அளவு எடுக்கப் போயி, பாசி வழுக்கி அந்தத் தளத்துல நானே உட்கார்ந்துட்டேன். தண்ணி கணுக்கால் அளவுதான். எந்திரிக்க விடலை. கூட வந்தவர் கயித்தை வீசினார். அதுல இருந்து கயிறு இல்லாம நான் போனதில்லை.

திருப்பரங்குன்றம் அக்கா: அமாவாசைக்குத் திதி கொடுக்கப் போறோம், தண்ணி ஓடுது. என்ன செய்ய?

படித்துறையை விட்டு இறங்காதீங்கக்கா. செம்புல மோந்து கரையிலேயே குளிச்சுக்கங்க. வயசானவங்களை ரெண்டாம் படிக்குக் கீழ விடாதீங்க.

நாலு பேர் ஒரே கேள்வி: இப்ப அணை எத்தனை அடி?

பேப்பர்ல தினமும் வருது. இதுக்கு நான் எதுக்கு?

ஒருத்தர்: பெரியாறு அணையில 152 அடி ஏன் தேக்கலை?

2014ல சுப்ரீம் கோர்ட் 142 வரைக்கும்தான் அனுமதிச்சிருக்கு. மிச்சத்தைப் பேசணும்னா டீக்கடைக்கு வாங்க.

இன்னொருத்தர்: தெர்மாகோல்?

வைகை அணைத் தண்ணி ஆவியாகாம இருக்கத் தெர்மாகோல் மிதக்க விட்டது 2017ல. அப்ப கேட்ட கேள்வி. அடுத்து.

ஓபுளா படித்துறை இளைஞர்: கண்ணு முன்னாடி ஒருத்தர் அடிச்சுட்டுப் போனா?

நீ குதிக்காதே, முதல்ல அது. ஒருத்தருக்கு ரெண்டு பேரா போறது அப்படித்தான். வேட்டி, கயிறு, மூடி இறுக்கின காலித் தண்ணிக் கேன், எது கிடைக்குதோ அதை வீசு. அடிச்சுட்டுப் போறவரு மல்லாக்கப் படுத்து, காலை ஓட்டம் போற பக்கம் நீட்டி, சாய்வா கரையைப் பார்த்து வரணும். எதிர்நீச்சல் போட்டா களைச்சிருவார்.

வெளிய எடுத்ததும் தலைகீழாத் தூக்கிச் சுத்துறது, வயித்தை அமுக்குறது, ரெண்டும் வேண்டாம். மூச்சு இல்லைன்னா வாயோட வாய் வச்சு ஊது, நெஞ்சு நடுவுல அமுக்கு. தெரியாட்டி அமுக்கவாவது செய். ஒருத்தரை 108க்குப் பேசச் சொல்லு. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

புதுசா ஒருத்தர்: தடுப்பணைக்குக் கீழ குளிக்கலாமா சார்?

மேல படிங்க.

வில்லாபுரம் அம்மா: தண்ணி ஏறப்போகுதுன்னு முன்கூட்டியே எப்படித் தெரியும் தம்பி?

ஆறே சொல்லும்மா. தெளிஞ்ச தண்ணி திடீர்னு செம்மண் நெறம் ஆகும். கூளம், குச்சி, காய்ஞ்ச தென்ன ஓலை மிதந்து வரும். கரையோரம் இருந்த ஓட்டச் சத்தம் தடிச்சு ஒரே இரைச்சலாகும். இதுல ஒண்ணு பார்த்தாலும் துணியை விட்டுட்டு மேல ஏறிருங்க.

செல்லூர்ப் பெரியவர்: யப்பா, கல்பாலத்துல இருந்து பேசுறேன். போலீஸ் தடுப்புப் போட்டாச்சு. ஒரு மணி நேரத்துக்கு முந்தி பச்சையா இருந்த தண்ணி இப்ப டீ மாதிரி இருக்கு. தென்ன ஓலை ரெண்டு போச்சு.

ஓலையா? அணையில இருந்து ஊர் ஆத்துக்கு இன்னும் திறக்கலையே. அப்ப மருதாநதிப் பக்கம்தான். அண்ணே, அங்க நிக்கிற பயலுகளைக் கரைக்கு ஏத்துங்க, 1077க்கு ஒரு போன் போடுங்க. நான் கிளம்பிட்டேன். மிச்சக் கேள்வி நாளைக்கு.