ராணுவத்தில் உச்சப் பதவியில் இருந்தவர்கள் ஓய்வுக்குப் பிறகு எப்படி வாழ்கிறார்கள்? சாம் மானெக்ஷாவின் கடைசிக் காலம் எப்படி இருந்தது?

மானெக்ஷா என்றாலே எல்லோரும் 1971 பாகிஸ்தான் போரிலிருந்து தொடங்குவார்கள்; அப்போது இந்தியத் தரைப்படைத் தளபதி அவர். நான் வெலிங்டனிலிருந்து தொடங்குகிறேன். குன்னூரை ஒட்டிய அந்த கன்டோன்மென்ட், அதாவது ராணுவக் குடியிருப்பு, அவர் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப வருகிறது.

1959-ல் அங்குள்ள ஸ்டாஃப் காலேஜின், அதாவது ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சிக் கல்லூரியின், தலைவராக வந்தார். அப்போது பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன். இருவருக்கும் ஒத்துவரவில்லை. கடைசியில் மானெக்ஷாவின் தேசப்பற்றையே சந்தேகித்து விசாரணை வைத்தார்கள். 1942-ல் பர்மாவின் சிட்டாங் ஆற்றங்கரைப் போரில் ஜப்பானியத் தோட்டாக்களை உடம்பில் வாங்கியவர் அவர். ஆள் பிழைக்கமாட்டார் என்று நினைத்த மேஜர் ஜெனரல் கோவன், தன் சட்டையிலிருந்த மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கத்தின் ரிப்பனையே கழற்றி அவருக்குக் குத்திவிட்டாராம். தோட்டாவுக்குத் தப்பியவரை ஃபைல் சாய்க்கப் பார்த்தது! குற்றமற்றவர் என்று விசாரணை முடிந்தது. 1962 சீனப் போரில் அடி விழுந்த பிறகு தேஜ்பூரில் நான்காவது கோர் படையை அவர் கையில் கொடுத்தார்கள். எழுத்தில் உத்தரவு இல்லாமல் யாரும் பின்வாங்கக் கூடாது என்பதே போன கையோடு அவர் சொன்னது.

1969-ல் தரைப்படைத் தளபதி. 1971 ஏப்ரலில் கிழக்குப் பாகிஸ்தானுக்குள் (இன்றைய வங்கதேசம்) இறங்க முடியுமா என்று இந்திரா காந்தி கேட்டதாகவும், தான் இப்போது முடியாது என்று சொன்னதாகவும் பின்னாளில் அவரே பல மேடைகளில் பேசியிருக்கிறார். மழைக்காலத்தில் வங்காளத்து ஆறுகள் கடலாகிவிடும். பனி விழுந்து வடக்குக் கணவாய்கள் அடைபட்டால் சீனா கைவைப்பது கடினம். காத்திருந்தார்கள். டிசம்பர் 3-ல் தொடங்கிய போர் 16-ஆம் தேதி முடிந்தது. பாகிஸ்தான் தரப்பில் சுமார் 93,000 பேர் சிறைப்பட்டார்கள். பிரதமரின் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்வதுதான் போரை நடத்துவதைவிடக் கஷ்டம் என்பது என் எண்ணம்.

1973 ஜனவரியில் பீல்டு மார்ஷல் பட்டம், தரைப்படையின் மிக உயர்ந்த பதவிநிலை. நாட்டின் முதல் பீல்டு மார்ஷல் அவர்தான்; தரைப்படையின் முதல் இந்தியத் தளபதியான கரியப்பாவுக்கு அது 1986-ல்தான் கிடைத்தது. பட்டம் வந்து இரண்டே வாரத்தில், ஜனவரி 15-ல், தளபதி பொறுப்பை விட்டு இறங்கிக் குன்னூரில் குடியேறினார். வீட்டுக்கு வைத்த பெயர் 'ஸ்டாவ்கா'. ரஷ்ய மொழியில் போர்த் தலைமையகம் என்று அர்த்தம். அந்தக் குசும்பு கடைசிவரை போகவில்லை. சில கம்பெனிகளின் இயக்குநர் குழுவிலும் இருந்தார்.

உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் இனிமேல்தான். பீல்டு மார்ஷல் சாகும்வரை பணியில் இருப்பவராகவே கணக்கு. அதனால் அவருக்குச் சேரவேண்டியது பென்ஷன் அல்ல, முழுச் சம்பளம். அது ஒழுங்காகக் கைக்கு வர முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. 2007-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இருந்தவரை அப்துல் கலாம் போய்ப் பார்த்தார். அந்த வருஷம்தான் நிலுவைத் தொகை, ஒரு கோடிக்கு மேல், காசோலையாக வந்தது. வாட்ஸ்அப்பில் கலாமும் அவரும் பேசிக்கொண்டதாக ஒரு உருக்கமான கதை சுற்றுகிறதே, அந்த வசனங்களை நான் நம்புவதில்லை. காசோலை மட்டும் நிஜம். தொண்ணூற்று மூன்று வயதில், கட்டிலில் கிடப்பவருக்கு ஒரு கோடி எதற்கு என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

2008 ஜூன் 27-ல் அதே மருத்துவமனையில் நிமோனியாவால் இறந்தார். வயது 94. இறுதிச் சடங்குக்கு மத்திய அரசிலிருந்து இணையமைச்சர் பல்லம் ராஜு வந்தார். பிரதமர் வரவில்லை, முப்படைத் தளபதிகளும் வரவில்லை. 2001-லேயே போய்விட்ட மனைவி சில்லுவின் பக்கத்தில், ஊட்டி பார்சி கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.