ஐசியுவில் அம்மாவின் கையைப் பிடிக்கலாமா?

வென்டிலேட்டரில் மயக்க மருந்தோடு கிடக்கும் அம்மாவைத் தொட்டால் ஏதாவது குழாய் கழன்றுவிடுமோ என்று பயந்து கட்டில் ஓரமாகவே நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, தாராளமாகத் தொடுங்கள். கையைக் கழுவிக்கொண்டு, ஊசி குத்தாத பக்கமாகப் போய், "அம்மா, நான்தான் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு அப்புறம் கையை வையுங்கள், இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கிவாரிப்போடும். முன்கையில் மெதுவாக, நொடிக்கு 3 சென்டிமீட்டர் போல, நீவிவிடுங்கள். ரோமமுள்ள தோலில் அந்த வேகத்தில் வருடுவதை உணர்வதற்கென்றே மெல்லிய நரம்பிழைகள் இருக்கின்றன. காலை மட்டும் அமுக்கிவிடாதீர்கள் (நம்மவர்கள் பாசத்தில் முதலில் பிடிப்பதே காலைத்தான்!), படுத்தே கிடப்பவர்களுக்கு அங்கே ரத்தம் உறைந்திருக்கலாம். அம்மா முகம் சுளித்தால், தொடுவதை விட்டுவிட்டுச் சும்மா பக்கத்தில் உட்காருங்கள்.