கூகுள் எர்த், மேப்ஸ்: படத்துக்கும் தேதி உண்டு

கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பங்கு கூகுள் எர்த்தின் பழைய படங்களைப் பற்றியது. "எங்கள் ஏரி எங்கே போச்சு?" என்று ஒரு கூட்டம், "பக்கத்து மனைக்காரர் வேலியை நகர்த்தியதை நிரூபிக்கலாமா?" என்று இன்னொரு கூட்டம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

பழைய படங்களை இனி போனிலேயே பார்க்கலாமாமே? 1970இல் எங்கள் ஊர் எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், காஞ்சிபுரம்

பார்க்கலாம். இந்த வசதி புதிதல்ல. 2009 பிப்ரவரியில் வந்த எர்த் 5.0 பதிப்பிலேயே இருந்தது. ஆனால் கணினியில் நிறுவிக்கொள்ளும் மென்பொருளில்தான் கிடைத்தது. 2024 செப்டம்பரில் அறிவித்த மாற்றத்தில்தான் அது பிரவுசருக்கும் போனுக்கும் வந்தது. ஊரைத் தேடிப் போய், கடிகாரச் சின்னத்தைத் தொட்டால் ஆண்டுகள் வரிசையாக வரும்.

1970தான் சிக்கல். அந்த அறிவிப்பில் லண்டன், பெர்லின், வார்சா, பாரிஸ் நகரங்களின் 1930களின் படங்களைப் பெருமையாகச் சொன்னார்கள். அவை விமானத்திலிருந்து எடுத்தவை. நம் ஊர்ப்பக்கம் அப்படி எதிர்பார்க்காதீர்கள். 1984க்குப் பிறகான லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் உண்டு. அதில் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர். உங்கள் வீடு, எதிர்வீடு, நடுவில் தெரு எல்லாம் அந்த ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். வீடு வீடாகத் தெரிய வேண்டுமானால் இக்கோனாஸ் (1999), குவிக்பேர்ட் (2001) போன்ற வணிகச் செயற்கைக்கோள்கள் வந்த பிறகுதான்.

ஆனால் 1970க்கு வேறு ஒரு கதவு இருக்கிறது. அமெரிக்கா 1960 முதல் 1972 வரை கொரோனா என்ற பெயரில் உளவுச் செயற்கைக்கோள்களைப் பறக்கவிட்டது. படம் பிடித்த ஃபிலிம் சுருளை வானிலிருந்து பாராசூட்டில் இறக்குவார்கள், விமானம் அதை நடுவானிலேயே கொக்கி போட்டுப் பிடிக்கும். அந்தப் படங்களின் ரகசியத்தை 1995இல் விலக்கினார்கள். கடைசிக் கட்டக் கேமராக்களின் படங்களில் இரண்டு மீட்டர் அளவுப் பொருள்கூடத் தெரியும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் உங்கள் ஊரைக் குறித்துத் தேடுங்கள். ஏற்கெனவே ஸ்கேன் செய்தவை இலவசம். உங்கள் ஊர் அதில் சிக்கியிருந்தால் அதிர்ஷ்டம். இறக்கிய படத்தை எர்த் ப்ரோ என்ற கணினி மென்பொருளில் இன்றைய படத்தின் மேல் விரித்து, மூலைகளை இழுத்துப் பொருத்தலாம். 2015 ஜனவரி வரை ஆண்டுக்கு 399 டாலர் கேட்ட எர்த் ப்ரோ இப்போது இலவசம்.

அந்த உளவுக் கேமராக்களின் குறியீட்டுப் பெயர் கீஹோல், அதாவது சாவித்துவாரம். 2004இல் கூகுள் வாங்கி, மறு ஆண்டே எர்த் என்று பெயர் மாற்றி வெளியிட்ட மென்பொருளின் நிறுவனத்துக்கும் அதே பெயர்தான். அந்தக் கேமராக்களை நினைத்துத்தான் வைத்தார்கள்.

2016 படத்தில் எங்கள் ஏரி நிறைய தண்ணீர். 2019இல் வெறும் மண். இடைப்பட்ட காலத்தில் யாரோ தூர்த்துவிட்டார்கள் என்று மனு எழுதலாமா?
— திருவள்ளூர் மாவட்ட வாசகர்

எழுதுவதற்கு முன் ஆண்டை மட்டும் பார்க்காமல் மாதத்தையும் பாருங்கள். நமக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அப்போது மேகம். மேகத்துக்கு அடியில் செயற்கைக்கோள் கேமராவுக்கு எதுவும் தெரியாது. அதனால் தெளிவான படங்களில் பெரும்பாலானவை தை பிறந்து கோடை முடியும்வரை எடுத்தவை. ஏரி வற்றும் காலத்தில் எடுத்ததை ஏரி காணாமல் போனதற்குச் சாட்சியாகக் கொண்டுவருபவர்கள் நிறையப் பேர். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரியே வறண்டு வெடித்துக் கிடந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஏரியைத் தூர்த்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாதல்லவா?

ஒரே மாதத்தில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிடுங்கள். தண்ணீரை விட்டுவிட்டுக் கரையைப் பாருங்கள். கரைக்கோடு உள்ளே வந்திருக்கிறதா, கலங்கல் இருந்த இடத்தில் சாலை வந்திருக்கிறதா, வரத்துக் கால்வாய் நடுவே அறுந்திருக்கிறதா? தூர்த்தால் இவைதான் மாறும். மனுவில் படத்தின் தேதியையும் எழுதுங்கள்.

டைம்லாப்ஸ் என்ற வசதியையும் பார்த்திருப்பீர்கள். 2021இல் வந்தது. 1984 முதலான ஏறத்தாழ 2.4 கோடிப் படங்களைக் கோத்து ஓடவிட்டிருக்கிறார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றிக் கட்டடங்கள் நெருங்கி வருவதை அதில் பார்த்தால் வயிறு கலங்கும். ஆனால் அதில் ஒவ்வோர் ஆண்டுக்கும் மேகத்தைக் கழித்துவிட்டுப் பல படங்களைக் கலந்து ஒரே படமாக்கியிருக்கிறார்கள். கோடையா மழையா என்று அதில் கேட்க முடியாது. நகரம் எந்தத் திசையில் பரவியது என்று பார்க்க நல்லது. உங்கள் மனுவுக்கு உதவாது.

பத்திரப்படி என் மனை 5 சென்ட். எர்த்தில் கோடு வரைந்து அளந்தால் 4.6 சென்ட்தான். பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.
— ஈரோடு வாசகர்

கொஞ்சம் பொறுங்கள் ஐயா. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 சென்ட் என்றால் 202 சதுர மீட்டர் சொச்சம். சதுரமான மனை என்று வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் 14.2 மீட்டர். அது 4.6 சென்ட்டாகக் குறைய, நாலு பக்கமும் 29 சென்டிமீட்டர் உள்ளே தள்ளிக் கோடு போட்டால் போதும். ஓர் அடிகூட இல்லை. மிகத் தெளிவான வணிகச் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளியின் அளவே ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். ஆக உங்கள் சுட்டி ஒரு புள்ளி உள்ளே நின்றாலே 0.4 சென்ட் ஆவியாகிவிடும். அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சை நிறுத்த வேண்டாம்.

நானும் இதில் பாடம் படித்தவன்தான். ஒரு பொங்கல் விடுமுறையில் அப்பாவின் வயலைத் திரையில் அளந்துவிட்டு "பதினோரு சென்ட் காணோம்" என்று வீட்டைக் கலக்கினேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "வரப்புன்னு நீ கோடு போட்டது வாய்க்கால்டா, வரப்பு அதுக்கு அந்தாண்ட இருக்கு" என்றார்.

வேலி நகர்ந்ததா என்று இரண்டு ஆண்டுப் படங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு முறையும் படம் தரையில் மிகச்சரியாக அதே இடத்தில் உட்காராது. சில மீட்டர் தள்ளியிருக்கும். அதனால் வேலியோடு சேர்த்து, நகராத ஒன்றையும் பாருங்கள். கோயில் கோபுரமும் தண்ணீர்த் தொட்டியும் வேண்டாம். செயற்கைக்கோள் பெரும்பாலும் சாய்வாகத்தான் பார்க்கும், உயரமானவை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கும். தரையோடு இருக்கிற கிணறு, கல்வெர்ட், சாலைச் சந்திப்பு இவற்றைப் பிடியுங்கள். கிணறும் இரண்டு மீட்டர் நகர்ந்திருந்தால், நகர்ந்தது வேலியில்லை, படம்.

உண்மையிலேயே சந்தேகம் இருந்தால், தமிழ்நாடு அரசின் இணையச் சேவைத் தளத்தில் பட்டாவையும் புலப்பட நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். அளந்து அத்து காட்டச் சொல்லிக் கட்டணம் கட்டி மனுப் போடுங்கள். சர்வேயர் வந்து கல்லைக் காட்டினால்தான் அது எல்லை.

நாங்கள் மாடி கட்டி ஒன்றரை வருடம் ஆச்சு. படத்தில் இன்னும் ஓட்டு வீடு. ஆனால் கீழே இந்த ஆண்டு என்று போட்டிருக்கிறதே?
— தஞ்சாவூர் வாசகி

அந்த ஆண்டு காப்புரிமைக்கு உரியது. படம் எடுத்த நாள் அதுவல்ல. எடுத்த தேதி எர்த்தில் தனியாகக் காட்டும். அதையும் நன்றாக ஜூம் செய்து, உங்கள் வீடு திரை நிறைந்த பிறகு பாருங்கள். தூரத்தில் இருந்து பார்க்கும்போது பல தேதிகளில் எடுத்த துண்டுகளை ஒட்டுப்போட்டுத்தான் காட்டும். நகரங்களில் படம் அடிக்கடி மாறும், கிராமங்களில் சில ஆண்டுகள் ஆகும். "உங்கள் வீட்டை நேரலையில் பாருங்கள்" என்று வீடியோ போட்டு ஆப் விற்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மேப்ஸ் காரை முடுக்குச் சந்துக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. ரிவர்ஸ் எடுத்தே கழுத்து வலி. இதற்கு ஏதோ புது வசதி வந்திருக்கிறதாமே?
— வாடகைக் கார் ஓட்டுநர், கோயம்புத்தூர்

உங்கள் ஊருக்கே வந்தது. 2024 ஜூலையில் இந்தியாவுக்கென்று அறிவித்தார்கள். குறுகிய சாலைகளைக் கூடுமானவரை தவிர்த்துக் காருக்கு வழி சொல்வது. முதலில் எட்டு நகரங்கள், அவற்றில் சென்னையும் கோவையும் உண்டு. சாலையின் அகலத்தை யாரும் டேப் பிடித்து அளக்கவில்லை. செயற்கைக்கோள் படம், தெருவில் நின்று பார்ப்பதுபோல் காட்டும் ஸ்ட்ரீட் வியூ படம், எதிரெதிர்க் கட்டடங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, தார் போட்ட பகுதி இவற்றைப் பார்த்துக் கணினி மதிப்பிடுகிறது. அதனால் நிறுத்தியிருக்கும் லாரியோ, தெருவை அடைத்துப் போட்ட கல்யாணப் பந்தலோ அதற்குத் தெரியாது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. வழி கேட்கும்போது மேலே கார் படம் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊருக்காகவே 2017 டிசம்பரில் வந்த பைக் முறையில் விட்டிருந்தால், பைக் போகும் சந்துகளையெல்லாம் காட்டத்தான் செய்யும். மகன் பைக்கில் போக உபயோகித்த போனை வாங்கிக் காரில் வைத்துக்கொண்டு திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதே சமயத்தில், 40 நகரங்களில் மேம்பாலத்தில் ஏற வேண்டுமா கீழே போக வேண்டுமா என்று முன்கூட்டியே சொல்லும் வசதியும் வந்தது. மேலேயும் கீழேயும் சாலை இருக்கும் இடத்தில் ஜிபிஎஸ்ஸுக்கு நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்பது லேசில் தெரியாது. தவறிப்போனால் அடுத்த யூ டர்ன் வரை தலைவிதி. இவ்வளவுக்காக இந்த வசதியை நான் மனதார வரவேற்கிறேன்.

ராத்திரியில், தெரியாத ஊரில், பாலம் என்று காட்டினால் வேகத்தைக் குறையுங்கள். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பாதியில் நின்றிருந்த பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். வரைபடத்தில் பாலம் இருந்தது, ஆற்றுக்கு மேல் இல்லை.

மேப்ஸைத் தமிழில் வைத்தால் ஊர்ப் பெயர்களைக் கொலை செய்கிறது. யாரிடம் சொல்வது?
— பெயர் வேண்டாம் என்றவர், திருநெல்வேலி

ஆங்கிலத்தில் பதிந்திருக்கும் கடை, பள்ளி, மருத்துவமனைப் பெயர்களைத் தமிழ் உட்பட 10 இந்திய மொழிகளில் தானாகவே எழுதும் முறையை 2021 ஜனவரியில் அறிமுகப்படுத்தினார்கள். ஆங்கில எழுத்தில் ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான். ன, ண, ந மூன்றும் ஒன்றுதான். குறில் நெடில் கிடையாது. மலையா மாலையா மழையா என்று கணினி ஊகிக்க வேண்டும். பெரும்பாலும் சரியாகவே ஊகிக்கிறது, நமக்குத் தவறு மட்டும் கண்ணில் படுகிறது. அந்த இடத்தைத் தொட்டு, திருத்தம் பரிந்துரைக்கும் பொத்தானில் சரியான பெயரைத் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் அனுப்பிப் பார்க்கலாம்.

ஸ்ட்ரீட் வியூவில் எங்கள் வீட்டு வாசலும் மாடியில் காயும் துணியும் தெரிகிறது. எடுக்கச் சொல்ல முடியுமா?
— சென்னை வாசகி

முடியும். முகங்களையும் வண்டி எண்களையும் தானே மங்கலாக்கும். வீட்டையும் மங்கலாக்க, அந்தப் படத்திலேயே இருக்கும் புகார்ப் பொத்தானை அழுத்தி உங்கள் வீட்டைக் கட்டம் போட்டுக் காட்டுங்கள். மங்கலாக்கிய பிறகு திரும்பப் பெற முடியாது. நாளை வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ நினைத்தால் மங்கலாகவே இருக்கும். யோசித்துச் செய்யுங்கள்.

அமெரிக்காவில் 2007இல் வந்த இது, இந்தியாவில் 2022 ஜூலையில்தான் சென்னை உட்பட 10 நகரங்களில் முறையாகத் தொடங்கியது. 2011இல் பெங்களூரில் ஆரம்பித்ததைக் காவல்துறை நிறுத்திவிட்டது. 2021இல் வந்த அரசு விதிப்படி தெருவில் போய்ப் படமெடுக்கும் வேலையை இந்திய நிறுவனங்களே செய்ய வேண்டும். ஜெனிசிஸ், டெக் மஹிந்திரா இரண்டும்தான் அந்தப் பத்து நகரங்களிலும் எடுத்தன.

போன் மாற்றினேன். மேப்ஸ் டைம்லைனில் நான் போன ஊர்களெல்லாம் மாயம்!
— ஓசூர் வாசகர்

முன்பு அது கூகுள் கணக்கில், கிளவுட் என்கிற இணையச் சேமிப்பில் இருந்தது. 2023 டிசம்பரில் அறிவித்து, பிறகு படிப்படியாக ஒவ்வொருவர் போனுக்குள்ளும் மாற்றிவிட்டார்கள். கணினியில் பார்க்கும் வசதியும் போய்விட்டது. அந்தரங்கம் காப்பதற்கு நல்ல ஏற்பாடு. ஆனால் போன் போனால் பயணக்கதையும் போகும். நீங்களாக மாற்றாவிட்டால் மூன்று மாதத்துக்கு முந்தையது தானாக அழியும்படி வைத்திருக்கிறார்கள், அதையும் கவனியுங்கள்.

பழைய போன் இன்னும் கையில் இருந்தால் தப்பித்தீர்கள். அதில் மேப்ஸைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு, டைம்லைனுக்குப் போய், மேலே உள்ள மேகச் சின்னத்தில் பேக்கப்பை இயக்குங்கள். பிறகு புதுப் போனில் அதே இடத்தில் மீட்டெடுங்கள். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, பேக்கப்பும் இயக்காமல் இருந்திருந்தால், ஒன்றும் செய்வதற்கில்லை.

எர்த்தில் விமானம் ஓட்டலாம் என்று என் தம்பி பொய் சொல்கிறானா?
— எட்டாம் வகுப்பு மாணவி, விருதுநகர்

உண்மைதான். கணினியில் எர்த் ப்ரோவை நிறுவி, கன்ட்ரோல், ஆல்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்து. எஃப்-16 போர் விமானம் ஒன்று, சிரஸ் என்ற சின்ன விமானம் ஒன்று, எது வேண்டும் என்று கேட்கும். சின்னதில் ஆரம்பி. மதுரை விமான நிலையத்தை முன்னால் வைத்துக்கொண்டு அழுத்தினால் அங்கிருந்தே பறக்கலாம். முதல் நாலைந்து தடவை கண்மாயில்தான் இறங்குவாய்.