குடலைத் தாக்குற பார்வோ வைரஸ் நோயில் பிழைச்ச நாய்க்குட்டியை இப்பவே வேற வீட்டுக்கு வளர்க்கக் கொடுக்கலாமா?

இந்த வாரம் கொடுக்காதீங்க. குட்டி பார்வோவில் இருந்து தேறி பத்து நாள்தான் ஆகுதுன்னு சொல்றீங்க. எடுத்துக்கப் போற பரமக்குடி வீட்டுலயோ தடுப்பூசி போடாத இன்னொரு குட்டி இருக்கு. தேறின பிறகும் ரெண்டு மூணு வாரம் வரை மலத்துல கிருமி வெளியேறலாம். அந்தக் குட்டிக்கு ஊசி எல்லாம் முடியட்டும்.

உங்க குட்டிக்கு மலம் இன்னும் இளகலாப் போறதுக்கு, பாம்பன் கரையில பொறுக்கித் தின்ற மீன் தலையும் கருவாடும்தான் காரணம்னு தோணுது. பார்வோவால புண்பட்ட குடல் அந்த உப்பைத் தாங்காது. ரெண்டு நாள் மீனே வேண்டாம். குழைஞ்ச சோறு, எலும்பில்லாத அவிச்ச கோழி, உப்பில்லாம, கொஞ்சம் கொஞ்சமா நாலஞ்சு வேளை. அப்பவும் கெட்டிப்படலைன்னா காலை மலத்தை டப்பாவுல எடுத்துட்டுப் போய் கால்நடை மருத்துவர்கிட்ட புழு இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க.

குட்டியோட ஈறை விரலால அழுத்தி விடுங்க. வெளுத்த இடம் ரெண்டு வினாடிக்குள்ள பழையபடி சிவக்கணும். சிவக்கலை, வாந்தி எடுக்குது, ரத்தம் வருதுன்னா சோத்தை நம்பிக் காத்திருக்காதீங்க, அன்னைக்கே தூக்கிட்டுப் போங்க.

சிமெண்ட் தரையை, கழிவை அள்ளிக் கழுவின பிறகு, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணி கலந்து பத்து நிமிஷம் ஊற விடுங்க. மணல் முற்றத்துல அது எடுபடாது. கிருமி மாசக்கணக்கா கிடக்கும். ஊசி போடாத குட்டி எதையும் அங்க இறக்கி விடாதீங்க.