கண்ணாடி முன்னால் நில்லுங்கள், தம்பி

கேள்வி: எனக்கு 44 வயது. பெருங்குடல் முழுக்கப் புண்ணாகி, மருந்துக்குக் கேட்காமல் போனதால் ஏழு மாதம் முன்பு அதை எடுத்துவிட்டார்கள். இலியோஸ்டமி செய்து, அதாவது சிறுகுடலின் முனையை வயிற்றுத் தோல் வழியாக வெளியே கொண்டுவந்து, கழிவு சேர அங்கே பை வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் மெரினாவில் லைட்ஹவுஸிலிருந்து உழைப்பாளர் சிலை வரை ஓடுவேன். இப்போது ஓடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடுவில் பை கழன்றுவிடுமோ என்று பயம். பை மாற்றுவதெல்லாம் என் மனைவிதான். நான் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. அதற்காக அவர் மதுரையில் தங்கை கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை, அவ்வளவு அன்பு. நான் மறுபடி ஓட முடியுமா?
— பெயர் வேண்டாம், மந்தைவெளி

பதில்: தங்கை கல்யாணத்தை ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். என்னால் தாண்ட முடியவில்லை. கூடப்பிறந்தவள் கழுத்தில் தாலி ஏறும்போது பக்கத்தில் நிற்க வேண்டியவர், மந்தைவெளியில் உங்கள் பையை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அன்பு என்கிறீர்கள். அவர் பக்கம் அன்புதான். உங்கள் பக்கம் அதற்கு என்ன பெயர்?

முதல் மாதம் தையல் வலிக்கும், கை நடுங்கும். மனைவி செய்தது நியாயம். ஏழாவது மாதமும் செய்ய வேண்டுமா? இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதல்ல. எழுதுகிறவர் அநேகமாக ஆண், மாற்றிவிடுகிறவர் மனைவி, இல்லாவிட்டால் அம்மா. இதே ஆபரேஷன் ஆன பெண்கள் எனக்கு எழுதும்போது, பையைத் தானே மாற்றிக்கொண்டு அடுப்பையும் பார்ப்பதாக எழுதுகிறார்கள். படுத்துக் கிடக்கிறவரைத் தாங்குவது குடும்பத்தின் கடமை. ஓடத் தெம்பு வந்தவர் தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்வதும் அதே அளவு கடமை.

ஓட்டத்துக்கே வருகிறேன், இரண்டும் ஒரே விஷயம்தான். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, பையைத் தோலோடு ஒட்டிப் பிடிக்கும் பிளேட்டின் ஓரம் தூக்கிக் கசிந்தால் யார் வந்து மாற்றுவார்கள்? வரும் ஞாயிறு காலை, எதுவும் சாப்பிடாமல், கண்ணாடி முன்னால் நில்லுங்கள். குடல் அப்போதுதான் கொஞ்சம் அடங்கியிருக்கும். மனைவி பக்கத்தில் இருக்கட்டும், கை உங்களுடையதாக இருக்கட்டும். ஸ்டோமா, அதாவது வெளியே தெரியும் குடல் முனை, நம் வாயின் உள்பக்கம் மாதிரி சிவப்பாக, ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது, வலியை உணரும் நரம்பு அதில் இல்லை. துடைக்கும்போது துளி ரத்தம் பட்டால் பதறாதீர்கள். தோல் நன்றாகக் காய்ந்த பிறகு பிளேட்டை ஒட்டி, உள்ளங்கையால் ஒரு நிமிஷம் மூடிப் பிடியுங்கள். அந்தச் சூட்டில்தான் பசை பிடிக்கும். ஈரத்தோலில் அவசரமாக ஒட்டினால் சென்னை வியர்வைக்கு நிற்காது.

ஓடுமுன் பையைக் காலி செய்யுங்கள். மற்ற நேரங்களில் மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே செய்துவிட வேண்டும், கனம் பிளேட்டை இழுக்கும். அளவாக ஓட்டை வெட்டிய பிளேட்டும் பையுமாக ஒரு செட், டிஷ்யூ, ஒரு கவர் இடுப்பில் இருக்கட்டும். முதலில் சில வாரம் நடை, அப்புறம் நடையும் ஓட்டமும். ஸ்டோமாவை ஒட்டிக் குடலிறக்கம் வரலாம். அதனால் சப்போர்ட் பெல்ட் பற்றி ஸ்டோமா நர்ஸிடம் கேளுங்கள், கனம் தூக்குவதை டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

பை கழல்வதைவிட எனக்குப் பெரிய பயம் உப்பும் தண்ணீரும். அவற்றை உறிஞ்சிக்கொள்ளும் பெருங்குடல் உங்களுக்கு இல்லை. வியர்த்து விறுவிறுத்து வெறும் தண்ணீராகவே குடித்தால் பையில் போவதுதான் கூடும், உப்பும் கூடவே போய்விடும். ஓஆர்எஸ் கரைத்து எடுத்துப் போங்கள். தலைசுற்றினாலோ, கெண்டைக்கால் இழுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

யார் துணையும் இல்லாமல் நாலு முறை பையை மாற்றியதும், பாண்டியன் எக்ஸ்பிரஸில் மதுரைக்கு ஒரு டிக்கெட் எடுங்கள், மனைவி பெயரில் மட்டும். தங்கை வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வரட்டும். பிளேட் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டு அவருக்குப் போன் செய்யாதீர்கள்.