நெடுஞ்சாலைப் பணியாளர்களுக்கு ஊரைப் பொறுத்துச் சம்பளம் கொடுத்தால் அரசுக்கு எவ்வளவு செலவாகும்?

கேள்வி இதுதான்: வாடகையும் விலைவாசியும் அதிகமுள்ள பகுதியில் வேலை செய்யும் அரசு சாலைப் பணியாளர்களுக்குக் கூடுதல் சம்பளம் தரலாமா, தந்தால் சுமை எவ்வளவு? அந்தக் கூடுதல் சம்பளத்தை, அதாவது படித் தொகையை, ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் ஒரு விடை வரும். நிதித்துறைக் கோப்பில் இருப்பதும் அந்த விடைதான். ஒன்பது வருடம் ஒரு சாலைப் பராமரிப்பு டிப்போவில் சம்பளப் பட்டியலும் ஷிப்ட் அட்டவணையும் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரிய செலவு அந்தப் பெருக்கலுக்குள் வராது.

நெடுஞ்சாலை ஒரு கோடு. சம்பள மண்டலம், அதாவது படி கிடைக்கும் பகுதி, ஒரு வட்டம். கோடு வட்டத்தை வெட்டிக்கொண்டு போகும். ஆசிரியருக்கும் அலுவலக எழுத்தருக்கும் வேலை செய்யும் இடம் ஒரே கட்டடம், அதனால் அவர்களுக்கு எல்லை போடுவது சுலபம். சாலைப் பணியாளர் காலையில் எல்லைக்கு உள்ளே பள்ளம் அடைப்பார், மதியம் எல்லைக்கு வெளியே மதகு தூர்வாருவார். அவர் சம்பளத்தை முடிவு செய்வது அவர் கையெழுத்துப் போடும் டிப்போவின் முகவரி மட்டும்தான்.

எங்கள் டிப்போ எல்லைக்கு வெளியே இருந்தது. அதே சாலையில் 14 கிலோமீட்டர் தள்ளி இருந்த அடுத்த டிப்போ எல்லைக்கு உள்ளே. படி அறிவித்த முதல் வருடமே எங்கள் கிரேடர் (சாலையைச் சமன் செய்யும் இயந்திரம்) ஆபரேட்டர் மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்லவே மாட்டேன், அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் கவனியுங்கள், அவர் வீடு மாறவில்லை. வாடகை குறைவான பழைய ஊரிலிருந்தே தினமும் கூடுதல் தூரம் போய் வந்தார். வாடகைக்காக ஏற்பட்ட படி, வாடகை ஏறாத ஒருவருக்குப் போனது. எங்களுக்கோ ஆள் போனது. அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் போனார்கள்.

புது ஆள் வந்தார், உரிமமும் இருந்தது, வேலையும் தெரியும். ஆனால் எந்தச் சிறுபாலம் முதல் மழைக்கே அடைத்துக்கொள்ளும், எந்த வளைவில் சாலை ஓரம் உள்வாங்கும் என்பதெல்லாம் அந்த நீளத்திலேயே இரண்டு மழைக்காலம் நின்றால்தான் தெரியும். அதுவரை ஆன நஷ்டம் எந்தக் கணக்குத் தலைப்பிலும் வராது. ஓவர்டைம், வாடகை இயந்திரம், ஒரே பள்ளத்தை இரண்டாவது முறை அடைத்தது என்று சிதறிக் கிடக்கும். சேர்த்துப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

எல்லையை எதை வைத்துப் போடுகிறார்கள் என்பதும் முக்கியம். இந்தியாவில் மத்திய அரசு ஊழியர்களின் வீட்டு வாடகைப்படி ஊரின் மக்கள்தொகையைப் பார்த்து நிர்ணயமாகிறது: 50 லட்சத்துக்கு மேல் எக்ஸ், 5 லட்சத்துக்கு மேல் ஒய், மற்றவை இசட். 2024 ஜனவரி முதல் விகிதம் அடிப்படை ஊதியத்தில் முறையே 30, 20, 10 சதவீதம். அடிப்படை ஊதியம் 20,000 ரூபாய் என்றால், எக்ஸ் ஊருக்கும் இசட் ஊருக்கும் இடையில் மாதம் 4,000 ரூபாய் வித்தியாசம். மக்கள்தொகை குறைவாக இருந்தும் வாடகை எகிறிய தொழிற்பேட்டை ஊர்கள் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகின்றன. அமெரிக்க மத்திய அரசு 1994 முதல் வேறு வழியில் போகிறது. அங்கே பார்ப்பது வாடகையை இல்லை, அந்தந்த வட்டாரத்தில் மத்திய அரசுக்கு வெளியே உள்ள வேலைகளுக்குக் கிடைக்கும் சம்பளத்தை. 2024-இல் அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் சான் பிரான்சிஸ்கோ பகுதிக்கு 45.41 சதவீதம், எந்தப் பட்டியலிலும் சேராத மற்ற பகுதிகளுக்கு 16.82. ஆள் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் இந்த அளவுகோல்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இன்னொரு செலவு ஓய்வூதியத்தில் ஒளிந்திருக்கிறது. இந்தியாவில் வாடகைப்படி ஓய்வூதியக் கணக்கில் சேராது. அமெரிக்காவில் அந்த வட்டாரச் சம்பளம் சேரும், அதுவும் சம்பளம் மிக அதிகமாக இருந்த தொடர்ச்சியான மூன்று வருடங்களின் சராசரியை வைத்துத்தான் கணக்கு. அப்படியென்றால் கடைசி மூன்று வருடம் உயர்ந்த மண்டலத்தில் இருந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கப் பலன். அனுபவசாலிகள் எந்த வயதில் எந்தப் பக்கம் நகர்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, அப்படியென்றால் எல்லோருக்கும் ஒரே சம்பளம் என்று விட்டுவிடலாமா? அதுவும் மலிவு இல்லை. இங்கிலாந்து மருத்துவமனைகளைப் பற்றிப் பொருளாதார ஆய்வாளர்கள் கரோல் ப்ராப்பரும் ஜான் வான் ரீனனும் 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செவிலியர் சம்பளம் நாடு முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி. மற்ற வேலைகளுக்குச் சம்பளம் அதிகமுள்ள, அதனால் செவிலியரைப் பிடித்து வைப்பது கஷ்டமான பகுதிகளில் மாரடைப்பு நோயாளிகளின் இறப்பு விகிதம் கூடியிருந்ததை அவர்கள் கண்டார்கள். சாலையில் இதே கதை வேறு உருவில் வரும். நடுராத்திரி லாரி கவிழ்ந்து டீசல் கொட்டியிருக்கும், ஆனால் வர வேண்டிய ஆள் வாடகைக்குப் பயந்து 60 கிலோமீட்டர் தள்ளிக் குடியிருப்பார்.

அப்புறம், காலியிடம் நிரம்பாவிட்டால் வேலை நிற்காது, ஒப்பந்தக்காரரிடம் போகும். அமெரிக்காவில் 1931-ஆம் ஆண்டின் டேவிஸ்-பேகன் சட்டப்படி, மத்திய அரசு ஒப்பந்த வேலைகளில் தொழிலாளிக்கு வேலை நடக்கும் வட்டாரத்தின் கூலியைத்தான் தர வேண்டும். 1956-இல் மாநிலங்களுக்கு இடையிலான நெடுஞ்சாலை வேலைகளுக்கும் இது வந்தது. சாலைத் துறையின் சொந்த ஊழியர்களுக்கு அது பொருந்தாது. அதாவது துறை தன் ஆளுக்குத் தர மறுத்த வட்டாரச் சம்பளத்தை, ஒப்பந்தக்காரர் மூலம், அவர் லாபத்தையும் சேர்த்துக் கொடுக்கிறது. இதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் என் பதில்: படி கொடுங்கள், ஆனால் படிக்கட்டு மாதிரி கொடுக்காதீர்கள், சரிவு மாதிரி கொடுங்கள். எல்லையைத் தாண்டிய முதல் மீட்டரிலேயே எல்லாம் பூஜ்யமாகக் கூடாது. ராத்திரி அழைப்புக்கு அரை மணி நேரத்தில் வந்து சேரும் தூரத்தில் குடியிருப்பவருக்குத் தனித் தொகை வையுங்கள், ஏனென்றால் துறைக்கு உண்மையில் வேண்டியது அந்த அருகாமைதான். முக்கியமாக, இந்தப் பணத்தை டிப்போவின் தார், ஜல்லி ஒதுக்கீட்டிலிருந்து எடுக்காதீர்கள். எடுத்தால் சம்பளம் உயர்ந்த ஆட்கள் சாமான் இல்லாமல் சும்மா நிற்பார்கள். அதையும் பார்த்திருக்கிறேன்.

எல்லைக்கு வெளியே முதல் 20 கிலோமீட்டருக்குப் பாதிப் படியாவது கொடுங்கள் என்று நாங்கள் மூன்று முறை எழுதினோம். செலவு அதிகம் என்று மூன்று முறையும் திரும்பி வந்தது. அந்த வருடங்களின் ஓவர்டைம் பட்டியலையும் இயந்திர வாடகை ரசீதுகளையும் போட்டு அனுப்பியவன் நான்தான், கேட்ட தொகையைவிட அவை எவ்வளவு பெரியவை என்று எனக்குத் தெரியும்.