படகைப் பிடிக்கலாம், அடுத்தவர் எண்ணைக் கட்டக் கூடாது

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். வயது 38, வங்கி வேலை. நீச்சல் குளத்தில் 750 மீட்டர் நிற்காமல் நீந்துவேன். கடலில் நீந்தியதில்லை. அடுத்த மாதம் சில்வர் பீச்சில் நடக்கும் டிரையத்லானில் கலந்துகொள்ள ஆசை. 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். கடலுக்குள் மூச்சு முட்டினால் பாதுகாப்புப் படகைப் பிடிக்கலாமா, பிடித்தால் வெளியேற்றிவிடுவார்களா? சைக்கிள் பாதை 4 சுற்று என்கிறார்கள், கணக்குத் தவறினால்? என் கணவர் பம்ப்போடு ஓரமாக நிற்கலாமா? பதிவு முடிந்துவிட்டது. ஒரு பயிற்சியாளர், வராத ஒருவரின் எண் அட்டையையும் ஒரு வெட்சூட்டையும் (குளிர் தாங்கும் ரப்பர் நீச்சல் உடை) சேர்த்து ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். இன்னும் பணம் கொடுக்கவில்லை.

பதில்: பணம் கொடுக்கவில்லை என்ற கடைசி வரியைப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் படகு.

தாராளமாகப் பிடிக்கலாம். படகோ, கயாக் என்னும் சிறிய துடுப்புப் படகோ, மிதவையோ, எதைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறினாலும் யாரும் உங்களை வெளியேற்ற மாட்டார்கள். பிடித்தபடி முன்னால் நகரக் கூடாது, அவ்வளவுதான் விதி. கயாக்கில் இருக்கும் பையன் இரக்கப்பட்டுத் துடுப்பு போட ஆரம்பித்தால், "வேண்டாம் தம்பி, அப்படியே நில்லுங்க" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். படகுக்குள் ஏறிவிட்டால் உங்கள் பந்தயம் முடிந்தது. ஆபத்து என்று தோன்றினால் மல்லாந்து மிதந்தபடி ஒரு கையை நேராகத் தூக்குங்கள். கூச்சப்படாதீர்கள், அந்தப் படகு அங்கே நிற்பதே அதற்காகத்தான். புதிதாக வருகிறவர்களின் பயத்தில் பாதியைப் போக்கும் இந்த ஒரு தகவலை, அமைப்பாளர்கள் ஆங்கிலக் கையேட்டின் ஏதோ ஒரு மூலையில் போட்டுவிட்டு, அந்தக் கையேட்டையும் முந்தின நாள் இரவு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். கடலூரில் நடக்கும் போட்டிக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுத என்ன கஷ்டம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மூச்சு முட்டுவது பெரும்பாலும் முதல் நூறு மீட்டரில். கூட்டம், முகத்தில் படும் கால்கள், உப்புத் தண்ணீர், படபடப்பு. குளத்தின் அடியில் கோடு தெரியும். கடலில் நீட்டிய கையே சரியாகத் தெரியாது. அதனால் கூட்டத்தின் பின்னால், ஓரமாக நின்று தொடங்குங்கள். முன்னால் போகிறவர்கள் பத்து விநாடி போகட்டும். எட்டுப் பத்துக் கை வீச்சுக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி மிதவையைப் பாருங்கள்.

சில்வர் பீச் இருக்கும் தேவனாம்பட்டினம் கடலைப் பற்றி ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கரையோர நீரோட்டம் பொதுவாக வடக்கே இழுக்கும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே இழுக்கும். பக்கத்திலேயே கெடிலம் ஆறு கடலில் கலக்கிறது, முகத்துவாரத்துக்கு அருகே தண்ணீர் இன்னும் குழப்பமாக இருக்கும். பந்தய நாள் காலை ஒரு தேங்காய் மட்டையை அலை உடையும் இடத்துக்கு அப்பால் வீசிவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். அது எந்தப் பக்கம் நகர்கிறதோ உங்களையும் அந்தப் பக்கம்தான் தள்ளும். மட்டை வடக்கே போனால் மிதவைக்குச் சற்றுத் தெற்கே குறிவைத்து நீந்துங்கள். அங்கே வலை உலர்த்திக்கொண்டிருக்கும் மீனவர்களிடம் கேட்டாலும் சொல்வார்கள், எந்த வரைபடத்தையும்விட அவர்கள் சொல்வது துல்லியமாக இருக்கும். கடல் உள்ளே இழுப்பது போலிருந்தால் கரையை நோக்கி முட்டி மோதாதீர்கள். கரைக்கு இணையாகக் கொஞ்ச தூரம் நீந்தி, இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்புங்கள். பழகுவதற்கும் தனியாக இறங்கவே இறங்காதீர்கள். அந்தக் கரையில் குளிக்க இறங்கி உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது சைக்கிள் பாதை. பாதையைத் தெரிந்துவைத்திருப்பது போட்டியாளரின் பொறுப்பு. தன்னார்வலர் தப்பாகக் கை காட்டினார் என்று நீங்கள் சொன்னாலும், மூன்று சுற்றில் முடித்தால் தகுதி நீக்கம்தான். தன்னார்வலர்கள் பாவம், கல்லூரிப் பிள்ளைகள். அன்று காலை ஐந்து மணிக்குத்தான் அவர்களுக்கே பாதை சொல்லப்படுகிறது. ஆகவே சைக்கிள் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் நான்கு துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் ஒன்றைப் பிய்த்துப் பைக்குள் போடுங்கள், சாலையில் எறிந்தால் அதற்கும் தண்டனை உண்டு. கால் துடிக்கும்போது மூளை கணக்குப் போடாது. முந்தின ஞாயிறு காலை, பந்தயம் நடக்கும் அதே நேரத்தில், சில்வர் பீச் சாலையில் ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வேகத்தடைகள் எங்கே, நாய்கள் எங்கே படுத்திருக்கின்றன, மீன் கூடையோடு டிவிஎஸ் எக்ஸெல் எந்தச் சந்திலிருந்து வருகிறது, எல்லாம் தெரியும். கடற்கரை முனையில் காற்று மணலைத் தாரில் பரப்பி வைத்திருக்கும். திரும்பும் இடத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். மணல்மேல் சைக்கிளைச் சாய்த்தால் முழங்கை உரியும்.

ஹெல்மெட் வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும், திரும்ப வந்து சைக்கிளைத் தாங்கியில் மாட்டிய பிறகுதான் வாரைக் கழற்ற வேண்டும். முன்னால் போகிறவரின் முன்சக்கரத்துக்கும் உங்கள் முன்சக்கரத்துக்கும் 10 மீட்டர் இடைவெளி வேண்டும், கிட்டத்தட்ட ஆறு சைக்கிள் வரிசையாக நிற்கும் தூரம். காதில் பாட்டு கூடாது. இவற்றை நினைவில் வைத்தால் போதும், மற்றதை அங்கே சொல்வார்கள்.

கணவர் பம்ப்போடு நிற்கலாமா? கூடாது. வெளியாளிடம் பம்ப், தண்ணீர், செருப்பு எது வாங்கினாலும் வெளியுதவி என்று எழுதிவிடுவார்கள். ஆனால் இதில் ஒரு விலக்கு இருக்கிறது. அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு பந்தயத்தை இழந்தவர்கள் நிறையப் பேர் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். உங்களோடு அதே பந்தயத்தில் ஓடும் இன்னொரு போட்டியாளர் உங்களுக்கு உதவலாம். டியூப் தரலாம், பம்ப் தரலாம், தண்ணீர் தரலாம். எதைக் கொடுத்தால் அவரால் பந்தயத்தைத் தொடர முடியாதோ அதை மட்டும் தரக் கூடாது. கூடுதல் டியூப் தந்தால் அவர் சைக்கிள் ஓடும், தரலாம். தன் சக்கரத்தையே கழற்றித் தந்தால் அவர் நின்றுவிடுவார், தரக் கூடாது. சைக்கிள், ஹெல்மெட் இரண்டும் அப்படியே. வாங்கியவர், கொடுத்தவர் இருவருமே தகுதி நீக்கம் ஆவார்கள். 'என் தங்கச்சிதான் கொடுத்தா, அவ எப்படியும் நிறுத்தப்போறா' என்பதெல்லாம் செல்லாது. அவர் பந்தயத்தை விட்டு முறைப்படி விலகிவிட்டால் அப்புறம் அவரும் வெளியாள்தான். அதனால் பஞ்சர் ஒட்ட வேண்டியதை நீங்களே எடுத்துப் போங்கள். டியூப் மாற்றுவதை வீட்டு வாசலில் நான்கு முறை பழகுங்கள். கணவர் கைதட்டட்டும்.

சரி, அந்தப் பயிற்சியாளர். முதலில் வெட்சூட். உங்களைப் போன்ற தொழில்முறை அல்லாத வயதுப்பிரிவுப் போட்டியாளர்களுக்கு, 1500 மீட்டர் வரையிலான நீச்சலில், தண்ணீர் 22 டிகிரிக்கு மேல் இருந்தால் வெட்சூட் தடை என்பது உலக டிரையத்லான் விதி. நம் வங்காள விரிகுடாவில் தண்ணீர் 25-க்குக் கீழே இறங்குவதே அபூர்வம். கடலூரில் வெட்சூட்டை வாடகைக்கு விடுகிறவர் ஒன்று விதி தெரியாதவர், அல்லது தெரிந்தே உங்களிடம் காசு பறிப்பவர். அதைப் போட்டு நீந்தினால் உடம்பு கொதித்துப்போகும்.

எண் அட்டை விஷயத்தில் நான் கடுமையாகத்தான் பேசுவேன். சில வருடங்களுக்கு முன் ஒரு போட்டியில் ஓட்டப் பகுதி முடியும் இடத்தில் மருத்துவக் கூடாரத்தில் இருந்தேன். ஒருவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள், நினைவில்லை, தோல் அனலாகச் சுட்டது. எண் அட்டையின் பின்னால் எழுதியிருந்த அவசரத் தொலைபேசிக்கு நான்தான் அழைத்தேன். ஒரு அம்மா எடுத்தார். உங்கள் கணவர் மயங்கிவிட்டார் என்றேன். "அவர் உள்ளே தூங்கிட்டுதானே இருக்கார்" என்றார். படுத்திருப்பவர் யார், என்ன மருந்து சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யாருக்கும் தெரியாது. அட்டையில் இருந்த ரத்த வகை வேறொருவருடையது. அவர் பிழைத்தார். அவர் வீட்டுக்குச் செய்தி போகப் பிற்பகல் ஆகிவிட்டது. அட்டையை விற்ற தரகர் அன்று காலை பத்து மணிக்கே கிளம்பிப் போயிருந்தார்.

இந்தத் தரகர்கள் 'எல்லாரும் செய்யறதுதான்' என்பார்கள். அமைப்பாளருக்குத் தெரியும் என்பார்கள். அமைப்பாளரிடமிருந்து உங்கள் பெயருக்கு மின்னஞ்சல் வந்தால் மட்டுமே அது உண்மை. கண்டுபிடித்தால் உங்கள் முடிவும் போகும், பெயர் கொடுத்தவருக்கும் தடை வரலாம். காப்பீடு எடுத்திருந்தால் அது அந்த இன்னொருவரின் பெயரில்தான் இருக்கும். இதை ஒழிப்பது பெரிய காரியமே இல்லை. பதிவு முடிந்தபின் ஒரு வாரம் பெயர் மாற்ற அவகாசம் கொடுத்து, எண் வாங்கும் இடத்தில் ஆதாரைப் பார்த்துக் கொடுத்தால் போதும். அதைச் செய்யாமல் 'மாற்றமும் இல்லை, பணமும் திரும்பாது' என்று ஒரே வரியில் கதவைச் சாத்துகிறார்கள். அந்தக் கதவிடுக்கில்தான் தரகர் பிழைக்கிறார்.

நீங்கள் இன்றே அமைப்பாளருக்கு நேரடியாக எழுதி, யாராவது விலகியிருந்தால் அந்த இடத்தை என் பெயருக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், அன்று காலை தன்னார்வலராக வருகிறேன், கடற்கரைத் திருப்பத்தில் நிற்கிறேன் என்று கேளுங்கள், ஆள் பற்றாக்குறை எப்போதும் இருக்கும். எங்கே வழுக்குகிறது, யார் சுற்றைத் தவறவிடுகிறார், கயாக்கைப் பிடித்தவர் எப்படித் திரும்ப நீந்துகிறார் என்று எல்லாவற்றையும் அங்கிருந்தே பார்க்கலாம். அடுத்த போட்டிக்குள் கடலில் துணையோடு பத்து முறை இறங்கிவிடுங்கள்.